குற்றாலம் பக்கத்து ஊர்

புளியங்குடியிலிருந்து வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு பதிலைப் பழகிக்கொள்கிறார்கள். "எந்த ஊர்?" என்று கேட்டால் "புளியங்குடி" என்பார்கள். எதிரில் இருப்பவர் முழிப்பார். உடனே அடுத்த வார்த்தை வந்துவிடும்: "குற்றாலம் பக்கம்!" அவ்வளவுதான். "ஓ, குற்றாலமா? இந்த வருஷம் சீசன் எப்படி?" என்று பேச்சு அருவிக்குத் தாவிவிடும். புளியங்குடி அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும்.

கடையநல்லூர்க்காரர், வாசுதேவநல்லூர்க்காரர், சிவகிரிக்காரர் எல்லோருக்கும் இதே கதைதான். சொந்த ஊரைச் சொல்லப் பக்கத்து ஊரைக் கடன் வாங்குகிறார்கள். இதில் குற்றாலத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. புளியங்குடியை நடுவில் வைத்து நாற்பது கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வட்டம் போட்டால், குற்றாலத்தைத் தவிர அதற்குள் வேறு என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் தூரமாக, ஸ்காட்லாந்து வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், சீக்கிரம் திரும்பிவிடலாம்.

தோற்றுப்போன ஊரும் அதன் டூரிஸ்டுகளும்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதியில் லோகாபர் என்று ஒரு வட்டாரம். அதில் கிளென்ஃபினன் என்று ஒரு குட்டி ஊர். 1745 ஆகஸ்டில் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் என்ற இளவரசர் அங்கேதான் கொடியை ஏற்றி லண்டன் அரசுக்கு எதிராகப் படை திரட்டினார். எட்டே மாதம். 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு அந்த மலைக்குடிகளின் ஆயுதங்களைப் பறித்தார்கள். அவர்களுடைய உடைக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். பின்னால் ஆட்டு மந்தை வளர்ப்பதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிலத்தை விட்டே கிளப்பினார்கள். சுருக்கமாகச் சொன்னால், அடியோடு தோற்றுப்போன ஊர்.

இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது? கொடி ஏற்றிய இடத்தில் 1815-ல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பக்கத்திலேயே 21 வளைவுகள் கொண்ட ரயில் பாலம், 1901-ல் ரயில் ஓடத் தொடங்கியது. ஹாரி பாட்டர் படத்தில் ரயில் ஒரு பாலத்தின் மேல் வளைந்து போகுமே, அந்தப் பாலம்தான். அதே வட்டாரத்தில் 1345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிஸ், பிரிட்டனிலேயே உயரமான மலை. கிளாஸ்கோ பக்கமிருந்து அதன் அடிவாரம் வரைக்கும் 154 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதையை 1980-ல் திறந்தார்கள். மழை, குளிர், மூடுபனி, கொசுவைப் போல் கடிக்கும் பூச்சி எல்லாம் உண்டு. அப்படியும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்து நடக்கிறார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். அங்கே வருகிறவர் ஒரு அருவியையோ ஒரு கோட்டையையோ மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. தூண், பாலம், ஏரி, மலை, பழைய கதை எல்லாவற்றையும் கோத்துப் பார்க்கிறார். கோக்கிற நூல் அந்த நடைபாதை. திருவிழா வேண்டாம், சீசன் வேண்டாம். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை போனாலும் அங்கே பார்க்கவும் நடக்கவும் ஏதாவது இருக்கும்.

சரி, ஊருக்குத் திரும்பலாம்.

1755-ல் நடந்தது

கிளென்ஃபினனில் கொடி ஏறிப் பத்து வருடம் கழித்து, புளியங்குடிக்குப் பக்கத்தில் ஒரு படை வந்து நின்றது. கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை. கூடவே ஆற்காடு நவாபின் ஆட்களும் யூசுப்கானின் சிப்பாய்களும். எதிரே நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர். கப்பம் கட்டு என்றார்கள், அவர் மறுத்தார். கோட்டையை உடைக்கத் தகுந்த பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பிப் போனார். நெல் கட்ட மறுத்த ஊர் என்பதால்தான் 'நெற்கட்டான்செவல்' என்று பெயர் வந்ததாகவும் ஊரில் சொல்வார்கள்.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799-ல். சிப்பாய்க் கலகம் 1857-ல். அவற்றோடு வைத்துப் பார்த்தால் 1755 எவ்வளவு முந்தியது என்று புரியும். ஆனால் கட்டபொம்மனுக்கு 1959-ல் சிவாஜி கணேசன் கிடைத்தார். பூலித்தேவருக்கு அப்படி ஒரு படம் அமையவில்லை!

கதை அதோடு முடியவில்லை. 1761-ல் யூசுப்கான் பெரிய பீரங்கிகளோடு வந்து நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். அதே யூசுப்கானை 1764-ல் கும்பினியும் நவாபும் சேர்ந்து மதுரையில் தூக்கில் போட்டது தனிக்கதை. அதன் பிறகு பாளையக்காரர்கள் மறுபடி தலையெடுக்க, 1767-ல் இன்னொரு கர்னல் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். பீரங்கி துளைத்த இடத்தையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் பனையோலையும் வைக்கோலும் மண்ணும் திணித்து அடைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள் என்று அந்த முற்றுகையைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடைசியில் கோட்டை விழுந்தது. அந்தக் கர்னலின் பெயர் டொனால்ட் கேம்பல். கேம்பல் என்பது ஸ்காட்லாந்து மலைநாட்டின் பெரிய குடிப்பெயர்களில் ஒன்று. இரண்டு தோற்றுப்போன ஊர்களுக்கும் நடுவே இப்படி ஒரு தொடர்பு.

பூலித்தேவரைப் பிடித்துக் கொண்டுபோகிற வழியில், சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது மக்கள் நம்பிக்கை. சங்கரநாராயணர் கோயிலுக்குள் அவர் பெயரில் ஓர் அறை இன்றைக்கும் இருக்கிறது. நெற்கட்டும்செவலில் அரசு அமைத்த நினைவு மாளிகை இருக்கிறது. மண் கோட்டைகள் கரைந்துபோய்விட்டன. ஆனால் அந்தச் செவல் காடும், பனைகளும், மேற்கே சுவர் மாதிரி நிற்கும் மலையும் அப்படியே இருக்கின்றன. எதிரி எந்தப் பக்கமிருந்து வந்திருப்பான், மலைக்கு எந்தப் பக்கம் ஓடியிருப்பார்கள் என்று அங்கே போய் நின்றால் தானாகவே புரியும். பாடப்புத்தகத்தில் அது வராது.

வருடத்துக்கு இரண்டு நாள்

ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். இரண்டு நாட்களிலும் அந்தக் கிராமப்புறம் நிரம்பி வழியும். கார்கள், கொடிகள், மாலைகள், தலைவர்கள். கூடவே போலீஸ் பாதுகாப்பு, செக்போஸ்ட், சில வருடங்களில் தடையுத்தரவு. ஒரு சமூகத்தார் ஒரு நாளும் இன்னொரு சமூகத்தார் வேறொரு நாளும் வருகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு போலீஸ்.

ஆனால் அந்தக் கோட்டைக்குள் நடந்தது என்ன? பூலித்தேவரின் படையில் ஒண்டிவீரன் ஒரு தளபதி. வெண்ணிக் காலாடி இன்னொரு தளபதி. எதிரியின் வாள் வயிற்றைக் கிழித்தபோது காலாடி சரிந்த குடலை உள்ளே தள்ளித் தலைப்பாகையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார் என்று கதை. மூன்று பேரும் வேறு வேறு சாதி. மூன்று பேரும் ஒரே சுவருக்குப் பின்னால் நின்றவர்கள். இருநூற்றைம்பது வருடம் கழித்து அவர்களுடைய நினைவு நாட்களுக்குத் தனித்தனி பந்தோபஸ்து தேவைப்படுகிறது.

இதற்கு ஒரு கட்டுரை மருந்து கண்டுபிடித்துவிடாது. ஆனால் ஒரு சின்ன யோசனை சொல்லலாம். ஆகஸ்ட் 20-ம் வேண்டாம், செப்டம்பர் 1-ம் வேண்டாம். சும்மா ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஜனவரியில் ஒரு புதன்கிழமை. கொடி இருக்காது, மைக் இருக்காது. நினைவு மாளிகையின் முன்னால் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அன்றைக்கு அந்த இடம் எந்தச் சாதிக்கும் சொந்தமாக இருக்காது. வந்தவருக்குச் சொந்தமாக இருக்கும்.

உண்மையில் இந்த வட்டாரத்தின் எல்லா இடங்களுக்கும் இதே வியாதிதான். குற்றாலம் என்றால் சீசன். சங்கரன்கோவில் என்றால் ஆடித்தபசு. நெற்கட்டும்செவல் என்றால் அந்த இரண்டு நாள். எல்லாமே 'நாள் பார்த்துப் போகிற' இடங்கள். கூட்டத்தோடு போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு திரும்புவது. இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

சண்டையைத் தீர்த்த கோயில்

சங்கரன்கோவிலின் தலபுராணமே ஒரு சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன்தான் பெரியவர் என்கிறான் சங்கன். இல்லை, திருமால்தான் என்கிறான் பதுமன். அம்பாள் கோமதி தவம் இருக்க, ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிறார். அந்தத் தவம்தான் ஆடித்தபசு. லட்சக்கணக்கில் ஜனம் வரும். அன்றைக்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக்கூட இடம் கிடைக்காது. ஒன்பது நிலைக் கோபுரத்தைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும், நாகசுனைப் படியில் உட்கார வேண்டும், புற்றுமண் பிரசாதம் வாங்க வேண்டும் என்றால் சாதாரண நாள்தான் சரி. வெளியே வந்தால் சங்கரன்கோவில் பிரியாணி இருக்கிறது. அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை!

அங்கிருந்து கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. பாண்டியர்கள் எட்டாம் நூற்றாண்டில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. மேல் பாதி முடிந்து, கீழ்ப் பாதி முடியாமலே நின்றுபோன கோயில். ஏன் விட்டார்கள் என்பதற்கு ஊரில் கதைகள் உண்டு. முடியாமல் விட்டதால் ஒரு நன்மை. ஒரு கோயிலைப் பாறையிலிருந்து எப்படி வெளியே எடுத்தார்கள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதே குன்றில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே குடைவரையில் முருகன். சமணமும் சைவமும் ஒரே பாறையில். ஏறுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. உச்சியில் நின்றால் நான்கு பக்கமும் கரிசல் காடு விரியும்.

'நடைபாதை என்பதெல்லாம் வெள்ளைக்காரன் கலாசாரம், இங்கே யார் நடப்பார்கள்' என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் 1865-ல் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். முப்பது வயதுக்குள் இறந்துபோன கவிஞர். அவருடைய காவடிச்சிந்து தமிழ்நாடு முழுவதும் பாடப்படுகிறது. ஊத்துமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்தபோது வழிநடைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடியது அது என்பார்கள். அதாவது இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய இசைச் சொத்தே நடப்பதற்காகப் பிறந்ததுதான்! கால் எடுத்து வைக்கிற கதியில்தான் அந்தப் பாட்டின் தாளமும் போகும். பாதயாத்திரை போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பாறையில் வரைந்த முகங்கள்

தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே ஒரு பாறை இருக்கிறது. 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் ஒரு பாட்டுக்காக அதில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'அந்நியன் பாறை'. அதுவே ஒரு சுற்றுலாத் தலமாகிவிட்டது. ஆட்டோக்காரர்கள் வழி சொல்கிறார்கள், வண்டிகள் நிற்கின்றன, டீக்கடை ஓடுகிறது.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கிளென்ஃபினன் பாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இளவரசர் சார்லஸைத் தேடியா வருகிறார்கள்? ஹாரி பாட்டரைத் தேடித்தான் வருகிறார்கள். வந்த பிறகு பக்கத்தில் நிற்கும் தூண் என்ன என்று கேட்கிறார்கள். சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கிறது, பலகை இருக்கிறது, பாதை இருக்கிறது. அந்நியன் பாறையைப் பார்க்க வருகிறவர் தென்காசிக் கோபுரம் வரைக்கும் போவார். நெற்கட்டும்செவல் பற்றி அவரிடம் யார் சொல்கிறார்கள்? சூரியகாந்திக்கு வந்தவரைப் பூலித்தேவரிடம் அழைத்துப் போக வழியில் ஒரு பலகைகூடக் கிடையாது. குறை பாறையில் இல்லை, நடுவில் விட்டுப்போன அந்த நூலில்தான்.

மலையை விட்டுவிடுங்கள்

சரி, நடப்பது என்று முடிவான பிறகு எல்லோருக்கும் கண் போவது மலைமேல்தான். மொட்டைமாடிக்கு ஏறினாலே மேற்கே மலைதானே தெரிகிறது. பென் நெவிஸ் 1345 மீட்டர் என்றால், இந்த எல்லைத் தொடரில் இருக்கும் கோட்டமலை 2019 மீட்டர். கேரளாவின் மிக நீளமான ஆறான பெரியாற்றின் பிறப்பிடத்தைச் சிவகிரி மலை என்றும் சொக்கம்பட்டி மலை என்றும் எழுதுவார்கள். சொக்கம்பட்டி என்பது புளியங்குடியிலிருந்து தென்காசி போகிற வழியில் பஸ் நிற்கிற ஊர்தான். அந்த ஊர் மலையின் பின்பக்கம் விழுகிற மழை அரபிக்கடலுக்குப் போய்விடுகிறது. முன்பக்கம் இருப்பவர்களுக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம்.

இவ்வளவு பெரிய மலை பக்கத்திலேயே இருந்தும் ஏன் ஸ்காட்லாந்து மாதிரி ஏறிப் போகக்கூடாது? அங்கே 2003-ல் ஒரு சட்டமே போட்டார்கள். பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மலைகள் அவ்வளவு தாராளமாகத் திறந்து கிடப்பதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. அங்கே குடிமக்களைக் கிளப்பிவிட்டார்கள். கரடி எப்போதோ போய்விட்டது. ஓநாயும் சுமார் முந்நூறு வருடத்துக்கு முன்பே அழிந்துவிட்டது. காலியான மலை அது.

புளியங்குடி மலை காலி இல்லை. யானை இருக்கிறது. சிறுத்தை, கரடி, மிளா, காட்டுப்பன்றி எல்லாம் இருக்கின்றன. 2015-ல் இந்த மலைத்தொடரின் பெரும்பகுதியை நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், 2021-ல் அறிவித்தது. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். சட்டத்தை விட்டுத்தள்ளினாலும், சொக்கம்பட்டி, வடகரை, பண்பொழிப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரியில் யானை இறங்கி வாழையையும் தென்னையையும் சாய்த்துவிட்டுப் போவது அங்கே வருடா வருடம் நடக்கிற விஷயம். பொழுதுபோக்குக்காக மலையேறும் கூட்டம் யானையைக் கலைத்துவிட்டால், அது இறங்கப்போவது டூரிஸ்டின் தோட்டத்தில் இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பள்ளிக்கூட மாணவன். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், மலைக்கு மேலே மழை கொட்டியிருக்கும். அது அருவிக்கு வந்து சேர நிமிடங்கள்தான். தண்ணீரின் நிறம் மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், சத்தம் கூடினால், சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். போலீஸ் விசில் அடித்துக் குளிக்க விடாத நாளில் அவர்களோடு வம்பு பண்ணக்கூடாது. அருவி நாளைக்கும் விழும்.

ஆகவே மலையை மலையாக விட்டுவிடுவதுதான் சரி. இந்த ஊரின் நடை அடிவாரத்தில் இருக்கிறது.

அடிவாரத்தில் ஒரு நாள்

விடியற்காலையில் கிளம்ப முடிந்தால் பண்பொழித் திருமலைக்குப் போகலாம். குமாரசாமி கோயிலுக்கு அறுநூறுக்கு மேல் படிகள். கார் போகிற ரோடும் உண்டு, ஆனால் படிதான் அழகு. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட்டால் கீழே குளங்கள் ஒவ்வொன்றாகப் பளபளக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு என்றால் வயலும் தென்னந்தோப்பும் சேர்ந்து ஒரே பச்சை.

ரயில் பிடித்தவர்கள் செங்கோட்டைக்குப் போகலாம். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904-ல் போட்ட மலைப்பாதை அது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கும் வேலைக்காகப் பல வருடம் மூடிக் கிடந்து, 2018-ல் மறுபடி முழுவதும் திறந்தது. சுரங்கம் தாண்டி ஆரியங்காவு, அதற்கப்பால் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம். கிளென்ஃபினனுக்கு 21 வளைவு, இதற்கு 13. ஆனால் ஹாரி பாட்டரைப் பார்க்க விசா எடுக்க வேண்டும். இதற்குப் பாசஞ்சர் டிக்கெட் போதும்! (புளியங்குடிக்கு ரயில் நிலையம் இல்லை. பக்கத்தில் பாம்புக்கோவில் சந்தை, இல்லாவிட்டால் கடையநல்லூர்.)

புளியங்குடிக்குள்ளேயே பார்க்க வேண்டியது எலுமிச்சை மார்க்கெட். 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூட்டை மூட்டையாகக் கொட்டி, ரகம் பிரித்து, ஏலம் போட்டு, லாரியில் ஏற்றுகிற வரைக்கும் அந்த இடமே மணக்கும். கேரளாக்காரர்கள் ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் பிழிகிற பழத்தில் நிறைய இங்கிருந்து போவதுதான். ஓரமாக நின்று பார்க்கிறவரை யாரும் துரத்த மாட்டார்கள். வியாபாரத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் சரி.

சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது. மேற்கே மலையை நோக்கிப் போகிற ஊர்ச்சாலைகளில் எலுமிச்சைத் தோப்பு, நெல்லித் தோப்பு, கரும்பு வயல், குளத்துக் கரை, கரையில் பனை, தண்ணீரில் கொக்கும் நாரையும். வனத்துறையின் போர்டு வருகிற இடத்தில் திரும்பிவிட வேண்டும். தோப்பு என்பது ஒருவருடைய சம்பாத்தியம். கேட்டுவிட்டு உள்ளே போனால் மோர் கிடைக்கும், கேட்காமல் போனால் நாய்தான் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் சாரலும் இருக்கும், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது ஒரு தனி உடற்பயிற்சி. மார்ச் முதல் மே வரை பத்து மணிக்கு மேல் வெளியே போகாமல் இருப்பது உத்தமம். பிளாஸ்டிக் பாட்டிலைக் கையோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

சாயங்காலம் தென்காசி. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டியவர் பதினைந்தாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னர் பராக்கிரம பாண்டியர். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிவிட்ட பாண்டியர் வழியில் வந்தவர். அவர்களும் ஒரு வகையில் தோற்றுப்போனவர்கள்தான். கோபுரம் பின்னாளில் எரிந்து சிதைந்து, நூற்றைம்பது வருடத்துக்கு மேல் மொட்டையாகவே நின்றது. 1990-ல்தான் இப்போதுள்ள ராஜகோபுரம் முழுசாக எழுந்தது. அதன் வாசலில் எப்போதும் ஒரு காற்று அடிக்கும், உள்ளே நுழைகிறவரைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி.

இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியர் ஒரு கல்வெட்டு விட்டுப் போயிருக்கிறார். வழக்கமாக ராஜாக்கள் கல்வெட்டில் தங்கள் வெற்றிகளை அடுக்குவார்கள். தர்மத்தை அழித்தவன் என்ன ஆவான் என்று சாபம் விடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலில் குறை ஏற்பட்டால் அதைச் சரி செய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுடைய காலில் இப்போதே விழுந்து கும்பிடுகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஆட்களின் காலில் விழுகிறார்!

அந்த வணக்கம் கோயிலுக்கு மட்டும் உரியது என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கரைந்துபோன கோட்டைக்கும், பாதியில் நின்ற வெட்டுவான் கோயிலுக்கும், குளத்துக்கும், யானைக்கும் பொருந்தும். ஆனால் காப்பாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே நெற்கட்டும்செவலை இன்னும் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். பாளையங்கோட்டை, மதுரை, சென்னை என்று படிக்கப் போய், அங்கிருந்து கூட்டாளிகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து, அதே வழியில் திருப்பி அனுப்புகிறார்கள்.

அடுத்த லீவில் அவர்களை ஒரு நாள் கூடுதலாக நிறுத்தி வையுங்கள். அருவியில் குளித்த மறுநாள், எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாளில், நெற்கட்டும்செவலுக்குக் கூட்டிப் போங்கள். மதியம் சங்கரன்கோவிலில் சாப்பாடு. பூலித்தேவர் யார், ஒண்டிவீரன் யார், வெண்ணிக் காலாடி யார் என்று மூன்று பேரின் கதையையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பஸ் செலவு அதிகம் ஆகாது.